சாக்கெட் பழக வரும் பிள்ளைகளுக்கு

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளுக்கும் நெசவாளர் சொசைட்டிகளுக்கும் பில் போடுகிற, சரக்கு இருப்புப் பார்க்கிற புரோகிராம்களை எழுதிக் காலம் தள்ளியவன் நான். வீடு கூரத்தில். கல்லூரிக்குப் போய்வரும் ஊர்ப் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாளில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். "பெரியப்பா, சர்வர் ஓடுது, கிளையன்ட்டும் ஓடுது, ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. அவர்களுக்கு வாயால் சொன்னதையே எண் போட்டு எழுதியிருக்கிறேன். எண்களின் வரிசையில் பொருள் தேடாதே. எது முதலில் கேட்கப்பட்டதோ அது முதலில் இருக்கிறது.

1. கற்க வேண்டிய பெயர்கள் பத்துக்கும் குறைவு. அதைக் கண்டு பயப்படாதே, அதை வைத்து முடிந்துவிட்டது என்றும் நினைக்காதே. சர்வர் பக்கம் சாக்கெட், பைண்ட், லிஸன், அக்செப்ட். கிளையன்ட் பக்கம் சாக்கெட், கனெக்ட். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக சென்ட், ரிசீவ், க்ளோஸ். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983 ஆகஸ்டில் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தவை இவை. அதே வருடம் ஜனவரி 1-ம் தேதிதான் அர்ப்பாநெட் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி ஐபிக்கு மாறியது. இன்று நீ பைத்தானில் எழுது, ஜாவாவில் எழுது, போனில் பணம் அனுப்பு, அடியில் ஓடுவது அந்த எட்டுப் பெயர்கள்தான். ஃபிரேம்வொர்க்குகள் வருடத்துக்கொன்று வந்து போகும். இதை ஒருமுறை ஒழுங்காகக் கற்றால் ரிட்டையர் ஆகும்வரை உதவும்.

புத்தகம் கேட்பவர்களுக்கு ஒரே பெயர்தான் சொல்வேன்: ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1990-ல் எழுதிய யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங். மனிதர் 1999-ல் போய்விட்டார். புத்தகம் இன்னும் பாடம் நடத்துகிறது. தடிமனைப் பார்த்துத் தயங்காதே. முதல் ஐந்தாறு அத்தியாயம் போதும், மீதியைத் தேவை வரும்போது புரட்டிக்கொள்ளலாம்.

2. சர்வரில் இரண்டு வகை சாக்கெட் இருக்கிறது. இது புரியாமல்தான் பாதிப் பேர் முதல் வாரத்தைத் தொலைக்கிறார்கள். லிஸன் செய்யும் சாக்கெட் யாரோடும் பேசாது, வருகிறவர்களை எதிர்பார்த்திருப்பது மட்டுமே அதன் வேலை. ஒருவர் வந்ததும் அக்செப்ட் உனக்குப் புதிதாக ஒரு சாக்கெட்டைத் திருப்பித் தரும். அவரோடு பேச வேண்டியது அந்தப் புதியதில்தான். பழையதிலேயே ரிசீவ் செய்துவிட்டு எர்ரர் வருகிறது என்று வராதே.

"எல்லாரும் 8080-க்கே வந்தா எப்படி பெரியப்பா பிரிச்சுப் பார்க்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஓர் இணைப்புக்கு அடையாளம் நான்கு எண்கள்: உன் ஐபி, உன் போர்ட், அவர் ஐபி, அவர் போர்ட். உன்னுடைய இரண்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும் அவருடைய இரண்டும் சேர்ந்து மாறிவிடும். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இருபது ஜன்னல் திறந்து வந்தால்கூட ஒவ்வொன்றுக்கும் கர்னல் தற்காலிகப் போர்ட் எண் ஒன்று கொடுக்கும். லினக்ஸில் அது வழக்கமாக 32768-க்கும் 60999-க்கும் இடையில் இருக்கும்.

3. முதல் கிளையன்ட்டை எழுதுவதற்கு முன், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சர்வரோடு கையால் பேசிப் பார். நான் பழக்குவது கடைகளில் இருக்கும் பில் பிரிண்டரை வைத்து. நெட்வொர்க் ஒயர் செருகிய தெர்மல் பிரிண்டர்கள் அநேகமாக எல்லாமே 9100 போர்ட்டில் காத்திருக்கும். நெட்கேட் என்ற கட்டளையில் அந்த பிரிண்டரின் ஐபியையும் 9100-ஐயும் கொடுத்து, உன் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து எண்டர் தட்டு. தாளில் வந்து விழும். லாகின் கிடையாது, டிரைவர் கிடையாது. ஒரு முகவரி, ஒரு போர்ட் எண், அதற்குப் பின்னால் பைட்டுகள். சர்வர் என்றாலே எங்கோ ஏசி அறையில் இருக்கும் பெரிய பெட்டி என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் சர்வர், நாம்தான் கிளையன்ட் என்று தெரியும்போது வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

அடுத்து அதே பெயரைத் தமிழில் அனுப்பு. அநேகமாகக் கோணல்மாணலாக ஏதோ குறிகள் வரும். பிரிண்டரில் கோளாறு இல்லை. நீ அனுப்பியது யுடிஎஃப்-8, அது வைத்திருப்பது 256 இடமுள்ள பழைய எழுத்து அட்டவணை. அதனால்தான் தமிழில் பில் தருகிற கடைகளில் பலவும் எழுத்தைப் படமாக வரைந்து புள்ளிபுள்ளியாக அனுப்புகின்றன. பைட்டுகள் அங்கே ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குப் பொருள் என்ன என்பதில் இரண்டு முனைக்கும் ஒப்பந்தம் இல்லை, அவ்வளவே. இந்த ஒப்பந்தம் என்ற பேச்சு கீழே திரும்பத் திரும்ப வரும்.

கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய். முகூர்த்த நாளில் கேட்காதே.

4. போர்ட் எண் 16 பிட். ஆகையால் 65535-க்கு மேல் போகாது. 1024-க்குக் கீழே உள்ளவற்றைத் திறக்க யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வழக்கமாக ரூட் அனுமதி வேண்டும். பழகுவதற்கு அவற்றைத் தொடாதே.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு குழி உண்டு. 8080 என்ற எண் இரண்டு பைட்டாக நிற்கும்போது 31, 144. நெட்வொர்க்கில் பெரிய பைட் முன்னால் போக வேண்டும் என்பது விதி. உன் லேப்டாப்பில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி சிப்புகள் சின்னதை முன்னால் வைப்பவை. வரிசையைத் திருப்பித் தரும் எச்-டூ-என்-எஸ் என்ற சின்ன ஃபங்ஷனை விட்டுவிட்டால் 144, 31 என்று போகும். சர்வர் ஓடும், எர்ரர் வராது, ஆனால் அது காத்துக்கொண்டிருப்பது 36895-ல். ஒருவன் அரை நாள் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தான். எந்தப் போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன், 36895 என்று நின்றது. இந்த எண்ணை நினைவில் வை. எங்காவது பார்த்தால் உடனே சிரிப்பு வர வேண்டும்.

எந்தப் பைட் முன்னால் என்ற சண்டையைப் பற்றி டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1-ல் ஒரு கட்டுரை எழுதினார். கதையில் கலிவர் போன லிலிபுட் தீவில் முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சின்ன முனையிலா என்று நடக்கும் போரிலிருந்து பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையும் தென்கலையும் யார் முதலில் ஓதுவது என்று கோர்ட்டு ஏறியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கமே வேண்டாம். கோஹன் சொன்னதும் இதுதான்: எது சரி என்பது பெரிதில்லை, ஏதாவது ஒன்றை எல்லாரும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். நெட்வொர்க்கில் பிக் எண்டியன் என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

5. "என் வீட்டில ஓடுது, ஃப்ரெண்டு வீட்டிலிருந்து வர முடியல." முகவரியைப் பார். 127.0.0.1-ல் பைண்ட் செய்திருந்தால் உன் கம்ப்யூட்டருக்குள் இருப்பவர் மட்டுமே வர முடியும். 0.0.0.0 என்றால் எல்லா வழியிலும் வரலாம். 192.168 என்று தொடங்கினால் அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி, தெருவைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் சர்வர் வைத்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மொபைல் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அதற்கென்றே ஒதுக்கியது 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள். அங்கிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே யாரும் கூப்பிட முடியாது. ஐபிவி6-ல் முகவரிப் பஞ்சம் இல்லை, ஆனாலும் நடுவில் கதவடைத்து வைத்திருப்பார்கள். பழகும் காலத்தில் இரண்டு லேப்டாப்பும் ஒரே வை-ஃபையில் இருக்கட்டும், தலைவலி மிச்சம்.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது இது, பொறுமையாகப் படி. டிசிபி உனக்கு பைட்டுகளின் ஓட்டத்தைத் தருகிறது, செய்திகளைத் தருவதில்லை. நீ மூன்று முறை சென்ட் செய்தால் எதிர்முனையில் மூன்று முறை ரிசீவ் ஆகும் என்று எந்தச் சாசனத்திலும் எழுதவில்லை. மூன்றும் ஒரே மூட்டையாக வரலாம். ஒன்று ஏழாக உடைந்து வரலாம். வரிசை மாறாது, நடுவில் ஒன்று தொலையாது. டிசிபி தரும் உறுதி அவ்வளவுதான். எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது உன் பொறுப்பு.

ஒரே லேப்டாப்பில் சர்வரையும் கிளையன்ட்டையும் ஓட்டிப் பழகுபவர்களுக்கு இது பிடிபடவே பிடிபடாது. அங்கே எப்போதும் ஒன்றுக்கு ஒன்றாக வந்து ஏமாற்றும். கடையில் கொண்டுபோய் வைத்த அன்றுதான் பல்லைக் காட்டும்.

எல்லையைக் காட்டப் பெருவழிகள் இரண்டு. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் புதுவரிக் குறியைப் போடுவது ஒன்று. செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் அனுப்பிவிட்டுப் பிறகு செய்தியை அனுப்புவது இன்னொன்று. மனிதர் படிக்கக்கூடிய சின்னச் செய்திகளுக்கு முதலாவது. படம், கோப்பு என்று எதுவும் உள்ளே வரலாம் என்றால் இரண்டாவது. நான் எப்போதும் இரண்டாவது கட்சி.

இப்போது தமிழ் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு வினை. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள். 'கூரம்': கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி: க, ஊகாரக் குறி, ர, ம, மேல்புள்ளி. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் பதினைந்து. எண்களாகப் பார்த்தால் 224 174 149, 224 175 130, 224 174 176, 224 174 174, 224 175 141. பைத்தானில் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். அந்த ஐந்தையே நீளம் என்று முன்னால் அனுப்பினாய் என்று வை. எதிர்முனை ஐந்து பைட்டைப் படிக்கும்: க முழுதாக வரும், அதன் பின் 224 175 என்று ஊகாரக் குறியின் முதல் இரண்டு பைட் தொங்கும். மூன்றாவது பைட் கிடைக்காமல் டீகோட் வெடிக்கும். அதோடு போகாது. மிச்சம் பத்து பைட் ஓட்டத்திலேயே கிடக்கிறதே, அதன் முதல் நான்கை அடுத்த செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொள்ளும். 130 224 174 176 என்பதை ஒரே எண்ணாக வாசித்தால் இருநூறு கோடிக்கு மேல். சர்வர் இருநூறு கோடி பைட்டுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு "ஹேங் ஆயிடுச்சு".

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறவனுக்கு இந்தத் தவறு ஆயுளுக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றுக்கொன்று சமம். ஆகையால் சோதிக்கும்போது ஊர், பேர், சேலை ரகம் எல்லாவற்றையும் தமிழிலேயே அடி. முதலில் பைட்டாக மாற்று, அதன் பிறகு நீளத்தை எண்ணு. அந்தப் பக்கம் முழுப் பைட்டுகளும் சேர்ந்த பிறகுதான் எழுத்தாக மாற்று.

7. இரண்டு முனைக்கும் இடையிலான ஒப்பந்தத்தை, புரோகிராம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் எழுது. யார் முதலில் பேசுவது, நீளம் எத்தனை பைட், எழுத்து எந்த முறையில், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது, யார் முதலில் மூடுவது. அரைப் பக்கத்துக்குள் வந்துவிடும். அதை எழுதத் தெரியாவிட்டால் உனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை என்று பொருள்.

8. சென்ட் செய்தது எல்லாம் போய்விட்டது என்று எண்ணாதே. ஆயிரம் பைட் கொடுத்தால் அறுநூறு எடுத்துக்கொண்டேன் என்று கர்னல் சொல்லலாம். திரும்பி வரும் எண்ணைப் பார்த்து மீதியை மறுபடி அனுப்ப வேண்டியது உன் வேலை. பைத்தானில் சென்ட்-ஆல் இருக்கிறது, சி-யில் நீயே லூப் எழுது. இன்னொன்று, எடுத்துக்கொண்டேன் என்பதற்குக் கர்னல் தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். எதிர்முனைப் புரோகிராம் படித்ததா என்பது அதற்கு வெளியே உள்ள சங்கதி.

9. ரிசீவ் பூஜ்யம் என்று திருப்பினால் எதிர்முனை மூடிவிட்டது என்று பொருள். "இப்போதைக்கு ஒன்றும் இல்லை" என்று பொருள் அல்ல. இதைப் பார்க்காமல் லூப்பில் சுற்றுகிறவர்களின் லேப்டாப் ஃபேன் விமானம் போல் இரையும்.

10. மூடுவது பற்றி நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பெரும் செல்வந்தர், பகலெல்லாம் வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டவர். இரவு அவர் மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாருக்கே கேட்டதாம். கேட்டுத் தாயார் விசாரித்தது தெரிந்ததும் அவர் கூசிப்போய், செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் புறப்பட்டார் என்பார்கள். டிசிபியில் க்ளோஸ் செய்தால் அப்படித்தான் எதிர்முனைக்குக் கேட்கும்: ஃபின் என்ற பாக்கெட் ஒன்று போகும், அங்கே ரிசீவ் பூஜ்யம் தரும். உன் புரோகிராம் நடுவில் செத்து விழுந்தாலும் கர்னல் பின்னாலேயே வந்து கதவைச் சாத்திவிடும்.

கேட்காத இடம் ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் கேட்காது. ஒயர் பிடுங்கப்பட்டால் கேட்காது. வை-ஃபை எல்லையைத் தாண்டிப் போன் போய்விட்டால் கேட்காது. ஃபின் அனுப்ப அங்கே யாரும் இல்லை. நீ ரிசீவில் காத்திருந்தால் நாளைக்கும் காத்திருப்பாய், மறுநாளும். டிசிபிக்கு கீப்-அலைவ் என்று ஒன்று உண்டே என்பாய். தானாக அது வேலை செய்யாது, நீ கேட்டால்தான். கேட்டாலும் லினக்ஸில் வழக்கமான அளவு 7200 விநாடி, முதல் விசாரிப்புக்கே இரண்டு மணி நேரம். நீ அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்தாலும், திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, கைவிடக் கால் மணி நேரம் ஆகும். கல்லாவில் மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டிருக்கும்போது கால் மணி நேரம்!

ஆகவே காத்திருக்கிற ஒவ்வொரு இடத்திலும் டைம்-அவுட் வை. கனெக்ட்டுக்கு ஒன்று, ரிசீவுக்கு ஒன்று. நீண்ட நேரம் திறந்தே இருக்கும் இணைப்பில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறாயா", "இருக்கிறேன்" என்று இரண்டு முனையும் பேசிக்கொள்ளும்படி உன் ஒப்பந்தத்திலேயே எழுது.

11. டைம்-அவுட் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அங்கேதான் இந்தத் தொழிலின் கடினமான கேள்வி தொடங்குகிறது. கவுன்டரிலிருந்து பில்லை சர்வருக்கு அனுப்பினாய். பத்து விநாடி பதில் இல்லை. பில் பதிவானதா, இல்லையா? போகும் வழியில் செய்தி தொலைந்திருக்கலாம். பதிவாகிவிட்டு, திரும்பும் வழியில் பதில் தொலைந்திருக்கலாம். சர்வர் மெதுவாக இருக்கலாம், இன்னும் ஒரு விநாடியில் பதிவாகலாம். உன் முனையிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்தக் கெட்டிக்காரனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபடி அனுப்பினால் ஒரே சேலைக்கு இரண்டு பில். அனுப்பாவிட்டால் சேலை போய்விட்டது, கணக்கில் ஏறவில்லை. தீபாவளி நேரத்தில் இது நடந்தால் இருப்புக் கணக்கு பொங்கல் வரை நேராகாது.

வழி இருக்கிறது, எளிய வழிதான். பில்லுக்கு அடையாள எண்ணை சர்வர் கொடுக்கும்வரை காத்திராதே. கவுன்டரே அனுப்புவதற்கு முன் தனக்கென்று ஓர் எண்ணைப் போட்டு, தன் டிஸ்கில் எழுதிக்கொள்ளட்டும்: கவுன்டர் எண், தேதி, வரிசை எண். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நீளமாக ஓர் எண் வருகிறதே, அதன் வேலைகளில் இதுவும் ஒன்று. என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். என்ன மொழி தெரியும் என்று கேட்பதில்லை.

12. சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று எர்ரர் வரும். முதலில் மூடிய முனையில் கர்னல் அந்த இணைப்பைக் கொஞ்ச நேரம், லினக்ஸில் ஒரு நிமிடம், டைம்-வெயிட்டில் பிடித்து வைத்திருக்கும். வழியில் அலைந்துகொண்டிருக்கும் பழைய பாக்கெட் ஏதாவது புது இணைப்பில் போய்ச் சொருகிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. பைண்டுக்கு முன் ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனைப் போடு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யாதே, பார்க்கச் சகிக்கவில்லை.

13. ஒரே நேரத்தில் பலர் வந்தால்? முதலில் ஒருவருக்குப் பின் ஒருவராகக் கவனிக்கும் சர்வரை எழுது. இரண்டாவது ஆள் ஏன் காத்திருக்கிறார் என்று கண்ணால் பார். பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு த்ரெட் என்று மாற்று. அங்கே நின்றுகொள். ஒரே சர்வரில் பத்தாயிரம் பேரை எப்படித் தாங்குவது என்று டான் கீகல் 1999-ல் எழுதியது பெரும் பேச்சானது. பல இணைப்புகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்க உதவும் எபோல் லினக்ஸில் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அதையெல்லாம் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் எத்தனை கவுன்டர் இருக்கும்? ஆறு கவுன்டருக்கு எபோல் எழுதி, அதில் வந்த பிழையைத் தேடி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது வீறாப்பே தவிர வேறில்லை.

14. எதிர்முனையில் இருப்பது நீ எழுதிய கிளையன்ட்தான் என்று யார் சொன்னது? 1988 நவம்பர் 2-ம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் மாணவர் விட்ட புழு, அன்றைய இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சின்ன சர்வர். 512 பைட் பஃபர் வைத்துக்கொண்டு எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் வாங்கியது. புழு 536 பைட் அனுப்பியது. அவ்வளவுதான். கால் நூற்றாண்டு கழித்து, 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட். ஓப்பன்-எஸ்எஸ்எல்லில் கிளையன்ட் ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, இதன் நீளம் இவ்வளவு என்று பொய் சொன்னால், சர்வர் அதை நம்பித் தன் மெமரியிலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது.

ஆறாவதில் நீளத்தை முன்னால் அனுப்பு என்றேன் அல்லவா? வாங்கும்போது அந்த நீளத்தை நம்பாதே என்பது அதன் மறுபாதி. உன் செய்தி எதுவும் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது என்றால், அதற்கு மேல் சொல்கிற எவரையும் அங்கேயே வெளியேற்று. அப்படிச் செய்திருந்தால் அந்த இருநூறு கோடி பைட் காத்திருப்பும் நடந்திருக்காது. ரகசியம் ஏதாவது போகிறது என்றால் டிஎல்எஸ் லைப்ரரியைப் பயன்படுத்து. நீயே ஒரு பூட்டுக் கண்டுபிடிக்காதே.

15. தூரத்தை மறக்காதே. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் போட்ட ஐ-டூ-ஐ கடலடிக் கேபிள் சுமார் 3200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வர 32 மில்லி விநாடி, இதைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் சர்வரிடம் நூறு சேலையின் விலையை ஒவ்வொன்றாகக் கேட்டால் மூன்று விநாடிக்கு மேல். நூறையும் ஒரே செய்தியில் கேட்டால் ஒருமுறை போய்வரும் நேரம்தான். புரோகிராம் மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான்.

மீதிப் பேரில் சிலருக்கு, சின்னச் சின்ன சென்ட்டுகளுக்கு இடையே புரியாத 40 மில்லி விநாடித் தாமதம் வரும். ஜான் நேகிள் 1984-ல் சொன்ன சிக்கன முறையும், எதிர்முனை ஒப்புதலைத் தாமதித்து அனுப்பும் முறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் வருவது. தலைப்பையும் செய்தியையும் தனித்தனியாக அனுப்பாமல் சேர்த்து ஒரே சென்ட்டில் அனுப்பு, பெரும்பாலும் போய்விடும்.

16. யுடிபியை இரண்டாம் மாதத்தில் வைத்துக்கொள். அதில் செய்திக்கு எல்லை உண்டு, சேரும் என்ற உறுதி இல்லை.

17. வயர்ஷார்க் அல்லது டிசிபிடம்ப்பை முதல் நாளே நிறுவு. உன் புரோகிராம் என்ன செய்ததாகச் சொல்கிறது என்பது வேறு, ஒயரில் என்ன போனது என்பது வேறு. சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று பாக்கெட் போய்வருவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவனுக்கு ஒரு செமஸ்டர் பாடம் மிச்சம். சின் போகிறது, பதிலே இல்லை என்றால் வழியில் ஃபயர்வால், அல்லது அந்த முகவரியில் ஆளில்லை. உடனே ஆர்எஸ்டி வருகிறது என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே ஆபீசில் உன்னைத் தேடி வருவார்கள்.

18. தனியாக மாட்டிக்கொண்டால் தமிழிலேயே கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் கூடிப் பேசுகிறது, கணியம் தளத்தில் கட்டுரைகள் இருக்கின்றன. கேட்கும்போது "ஓடல" என்று மட்டும் சொல்லாமல், எர்ரர் வரியையும் பாக்கெட் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு கேள்.

19. என்னிடம் அடுத்து வரும்போது கொண்டுவர வேண்டியது இது. கிளையன்ட் நீளத்தை முன்னால் வைத்து ஒரு செய்தியை அனுப்ப, அதையே திருப்பித் தரும் எக்கோ சர்வர். இதற்கென்று 7-ம் எண் போர்ட்டை 1983-லேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பழைய பாடம். இரண்டு லேப்டாப்பில் ஓட்டு. செய்தி தமிழில் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் கிளையன்ட்டைக் கொல். அடுத்த முறை கிளையன்ட் இருக்கும் லேப்டாப்பின் வை-ஃபையை அணை. மூன்றாவது முறை, ஒரு செய்தியின் நீளத்தை மட்டும் அனுப்பிவிட்டு, செய்தியை அனுப்பாமல் சும்மா இரு. ஒவ்வொன்றிலும் உன் சர்வர் என்ன செய்தது, எத்தனை விநாடி கழித்துச் செய்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. புரோகிராமை அப்புறம் பார்க்கலாம்.